14 மிஷின் யூனிட்டை மூடிவிட்டு ஊருக்குத் திரும்பலாமா? திருப்பூரிலிருந்து ஒரு பதில்

2025 நவம்பர் கடைசியில் வந்த கேள்வி இது, பதிலும் அப்போதைய நிலவரத்துக்குத்தான்: "என் அண்ணன் திருப்பூர் மங்கலம் ரோட்டில் 14 மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். எங்களுக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். அமெரிக்க வரிக்குப் பிறகு வேலை பாதியாகிவிட்டது. இரண்டு மாதப் பில் நிற்கிறது. மிஷின் கடன், நகைக்கடன் இரண்டும் இருக்கின்றன. எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்கே வந்துவிடவா என்கிறார். திருப்பூர் மறுபடி எழுமா, எழாதா?"

இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். திருப்பூர் எழுமா என்பது ஒன்று, அண்ணனின் 14 மிஷின் தப்புமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்பேன். இந்த ஊர் இதைவிட மோசமாக விழுந்து எழுந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் எழுந்த ஒவ்வொரு முறையும், கூட விழுந்தவர்களில் ஒரு கூட்டத்தைத் தரையிலேயே விட்டுவிட்டுத்தான் எழுந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருமுறை நானும் இருந்தேன். 2008இல் 10 மிஷினோடு ஆரம்பித்த யூனிட்டை 2012இல் மூடினேன். இப்போது சின்ன யூனிட்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். யார் பில் யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதெல்லாம் என் மேசைக்கு வந்துவிடும்.

வரிக் கணக்கை ஒரே ஒரு டி-ஷர்ட்டை வைத்துப் பார்த்துவிடுவோம். டிவியில் 50 சதவீதம், 50 சதவீதம் என்று கேட்டுக் கேட்டு அது என்னவென்றே மரத்துப்போய்விட்டது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமாகவே 16.5 சதவீத இறக்குமதி வரி உண்டு. அதற்கு மேல் நம் சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம் போட்டார்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25. கூட்டினால் 66.5. இங்கிருந்து 4 டாலருக்குப் போகும் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் அங்கே இறங்கும்போது 2 டாலர் 66 சென்ட் வரி விழுந்தது. பங்களாதேஷிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ போகும் அதே டி-ஷர்ட்டுக்கு அப்போது கூடுதல் வரி 20 சதவீதம்தான். 1 டாலர் 46 சென்ட்டில் வேலை முடிந்துவிட்டது. வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட், நம் காசில் நூறு ரூபாய்க்கு மேல். அந்த டி-ஷர்ட்டைத் தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு, மடித்துப் பெட்டி கட்டும் கூலி முழுவதையும் கூட்டினாலும் அந்த நூறில் பாதியைத் தொடாது. ஊரே சேர்ந்து இனாமாகத் தைத்துக் கொடுத்தாலும் அடையாத பள்ளம் இது.

ஆகஸ்டில் பெட்டி கட்டி நின்ற சரக்குக்குப் பையர்கள், அதாவது வாங்கும் வெளிநாட்டு கம்பெனிகள், டிஸ்கவுண்ட் கேட்டார்கள். கொடுத்தவர்கள் உண்டு. பையர் ஒருமுறை டாக்காவுக்குப் போய்விட்டால் திரும்பக் கூட்டிவருவது கஷ்டம் என்று பயந்து, கைநஷ்டத்தில் அனுப்பினார்கள்.

திருப்பூரின் ஏற்றுமதி 2024-25இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு சுமாருக்கு அமெரிக்கா. மீதி ஐரோப்பா, பிரிட்டன், துபாய், ஆஸ்திரேலியா. "அப்படியென்றால் மூன்றில் இரண்டு பங்கு பத்திரமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். ஏட்டுக் கணக்கில் சரி. ஆனால் அமெரிக்காவுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்களா? மிஷினும் ஆளும் சும்மா நிற்கக் கூடாதென்று ஐரோப்பிய ஆர்டருக்குப் பாய்ந்தார்கள், விலையைக் குறைத்துக் கேட்டார்கள். ஏற்கெனவே ஐரோப்பாவுக்குச் செய்துகொண்டிருந்தவரும் வேறு வழியில்லாமல் குறைத்தார். அவர் குறைத்தது கடைசியில் தையல் ரேட்டில் வந்து நிற்கும். அமெரிக்கா பக்கமே தலைவைத்துப் படுக்காத யூனிட்டில்கூட பீசுக்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் வெட்டு விழுந்தது இப்படித்தான். அண்ணனுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகளில் ஒன்று "எங்களுக்கு யூஎஸ் ஆர்டரே கிடையாதுங்க, இருந்தாலும் ரேட் கட்டுப்படியாகலை" என்று சொல்லியிருந்தால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

திருப்பூரை வெளியூர்க்காரர்கள் ஒரு பெரிய ஃபாக்டரி போல நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகிறது என்றால் அப்படித்தான் தோன்றும். நடப்பது வேறு. மில்லிலிருந்து 30ஆம் நம்பர் நூல் கோன் கோனாக வந்து இறங்கும். அதை நிட்டிங்கில் ஒருவர் துணியாக எடுப்பார். சாயப்பட்டறை இன்னொருவருடையது. துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி எடுக்கும் காம்பேக்டிங் வேறொருவர். கட்டிங் முடிந்த பீஸ் பிரிண்டிங்குக்கு ஒரு தெருவும் எம்பிராய்டரிக்கு இன்னொரு தெருவும் போய்த் திரும்பி, கட்டுக் கட்டாக அண்ணன் போன்றவர்கள் வாசலில் வந்து இறங்கும். இதற்கெல்லாம் நடுவே ஓடிக்கொண்டே இருப்பது குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகள். ஊர் எப்படி இருக்கிறதென்று தெரிய எனக்கு எந்தப் புள்ளிவிவரமும் வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு ஸ்டாண்டில் எத்தனை குட்டி யானை நிற்கிறது, டிரைவர்கள் சீட்டு விளையாடுகிறார்களா என்று பார்த்தால் போதும். 2025 அக்டோபர், நவம்பரில் விளையாடினார்கள்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கடனில் நிற்கிறது. நூலுக்குப் பணம் தள்ளிப்போனால் மில்காரர் அடுத்த லோடை இறக்க மாட்டார். மறு முனையில் டெய்லருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை அவர் பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்திருப்பார். இரண்டு முனையும் அசையாது என்றால் இழுபடுவது நடுவில் இருப்பவர்களின் பில்தான். அண்ணனிடம் டெய்லர், ஹெல்பர், செக்கிங் எல்லாம் சேர்த்து 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். வாரச் சம்பளம் மட்டும் 65,000 சுமாருக்கு வரும். எட்டு வாரப் பில் நின்றால் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். தான் தையல் தொழில் செய்வதாக அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளபடி அவர் எக்ஸ்போர்ட்டருக்கு ஐந்து லட்சம் வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார், அதற்காக வீட்டு நகையை வைத்து வட்டி கட்டுகிறார். சொன்னால் வருத்தப்படுவார், இருந்தாலும் சொல்லுங்கள்.

தொழிலாளிக்கு இது வேறு விதமாக வரும். இங்கே சம்பளம் ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு உட்கார்ந்து ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை ஓட்டினால் ஒன்றரை. ஒரு ஷிப்ட் காசு வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடும். பிள்ளை பீஸ், ஊருக்கு அனுப்புவது, சீட்டு கட்டுவது எல்லாம் அந்த அரை ஷிப்டில்தான். இப்போது பல இடங்களில் ஆளை அனுப்பவில்லை, அரை ஷிப்டை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். சில இடங்களில் வாரம் நாலு நாள் வேலை. வேலையிழந்தவர் என்று இவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள், ஆனால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். மங்கலம் ரோடு, வீரபாண்டிப் பக்கம் லைன் வீடுகளில் கொஞ்ச நாளாக "வீடு வாடகைக்கு" அட்டை மறுபடி தொங்குகிறது. சென்ற ஆண்டு அட்டை மாட்டும் முன்பே அட்வான்ஸோடு ஆள் நிற்பார்.

ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தைக் காட்டி "திருப்பூர் காலியாகிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோவை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 2025 தீபாவளி அக்டோபர் 20. அதையொட்டிச் சத் பூஜை, அப்புறம் நவம்பர் 6, 11 தேதிகளில் பீகார் தேர்தல். பூஜைக்கும் ஓட்டுக்கும் போன வடமாநிலத் தொழிலாளர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய உண்டு. அவர்களில் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்பது டிசம்பர் நடுவில் தெரியும்.

எழுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2011 ஜனவரி 28. சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கு அது. நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, "ஐயா, அணையைத் திறந்துவிடாதீர்கள்" என்று கீழே இருந்த விவசாயியே கேட்கும் நிலை வந்திருந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. ஊர் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டது. ஒரு நாள் பூட்டு விழுந்தது.

என் யூனிட்டில் சாயத்துக்கு இடமே கிடையாது. தைப்பது மட்டும்தான் வேலை. ஆனாலும் துணி வரவில்லை. வந்தது எங்கெங்கோ வெளியூரில் சாயம் ஏறி வந்தது. ஒரு லாட் நன்றாக நினைவிருக்கிறது. கருநீல போலோ. உடம்புக்கு வந்த ரோல் ஒரு ஷேடு, கைக்கு வந்த ரோல் ஒரு ஷேடு. ட்யூப் லைட்டில் தெரியவில்லை, வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தால் பளிச்சென்று தெரிந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். "அவசரம், தைத்துக் கொடுங்க, பாத்துக்கலாங்க" என்றார்கள். தைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த லாட்டுக்கு என் பில்லில் டெபிட் போட்டுப் பணத்தைப் பிடித்தார்கள். எழுதி வாங்கியிருந்தேனா? இல்லை. நடுவே இரண்டு வாரம், மூன்று வாரம் தையலே இல்லாமல் போனதில் டெய்லர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பேட்லாக் தையல் மிஷின் ஓட்டிய ஒரு தம்பதி, மூன்று ஆண்டு கூட இருந்தவர்கள், கடைசி நாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு யூனிட் இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

ஊர் எழுந்தது. மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆர்.ஓ. போட்டு நீரைத் திரும்ப எடுத்து, மிஞ்சிய உப்புத் தண்ணீரையும் சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே விடும் முறையை அருள்புரத்தில் செய்து காட்டி, பிறகு மற்ற பொது நிலையங்களும் தொடர்ந்தன. 2014-15இல் ஏற்றுமதி 20,000 கோடியைத் தாண்டியது. நான் ஷெட்டைக் காலி செய்து மூன்றே ஆண்டு. (இன்று வெளிநாட்டுப் பையர் வந்தால் முதலில் காட்டுவது அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைத்தான். போட்டோ எடுத்துக்கொள்வார்கள், பாராட்டுவார்கள். அதற்காக ஒரு சென்ட் கூட்டிக் கொடுத்த பையரை நான் கண்டதில்லை.) ஆனால் மூடிய பட்டறைகளில் நிறைய பேர் மறுபடி திறக்கவே இல்லை. ஜாப் ஒர்க்கில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று யாரும் எண்ணவும் இல்லை.

அதற்கு முன்பும் பின்பும் அடிகள் உண்டு. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா எல்லாம் உங்களுக்கே தெரியும். 2022 மே மாதம் நூல் விலை ஒரே தாவலில் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறி, இரண்டு நாள் ஊரே கதவடைத்தது. ஒவ்வொன்றிலும் பெரியவர்கள் வங்கியோடு பேசிக் கடனை மாற்றி எழுதிக்கொண்டார்கள். நடுத்தரம் தாக்குப்பிடித்தது. சின்னது போனது. போன இடத்தில் இரண்டு ஆண்டில் புதிய சின்னது முளைத்தது, உங்கள் அண்ணனைப் போல.

அவர் மிஷின் எப்போது வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள். 2024 கடைசி என்றால் ஆச்சரியமில்லை. 2024 ஆகஸ்டில் பங்களாதேஷில் ஆட்சி கவிழ்ந்து அங்கே கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது ஆர்டர்கள் இந்தப் பக்கம் திரும்பின. சில மாதம் டெய்லர் கிடைக்காமல் திண்டாடினோம். ஜூகி, ஜாக் தையல் மிஷின் டீலர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு காக்க வைத்தார்கள். அந்த நல்ல காலத்தை நம்பிக் கடன் வாங்கி மிஷினைக் கூட்டியவர்களுக்குத்தான் இப்போது அடி பலம். சும்மா இருந்தவர்கள் சும்மா இருக்கிறார்கள்.

இனி எங்கே வெளிச்சம் தெரிகிறது? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பிரிட்டன் நிஜமான நம்பிக்கை. 2025 ஜூலை 24இல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 2025இல் நம் டி-ஷர்ட்டுக்கு அங்கே வரி இருந்தது, பங்களாதேஷுக்குச் சைபர். ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் நமக்கும் சைபர். ஆனால் அமலான பிறகும் பையர் சாம்பிள் கேட்டு, விலை பேசி, ஆர்டர் போட்டு, அது அண்ணன் வாசலில் கட்டாக இறங்க இன்னும் பல மாதம். ஐரோப்பிய யூனியனோடு 2025இல் பேச்சு நடந்தது. அங்கே அப்போது நாம் 9.6 சதவீதம் கட்டினோம், பங்களாதேஷ் கட்டவில்லை. அந்த நாடு ஏழை நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வர 2026 நவம்பர் என்று நாள் குறித்திருந்தார்கள், அதனால் நமக்குச் சாதகம் என்று மேடைகளில் சொன்னார்கள். வெளியே வந்த பிறகும் ஐரோப்பா மூன்று ஆண்டு சலுகை தரும் என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை.

பருத்தி இறக்குமதிக்கான 11 சதவீத வரியை 2025 டிசம்பர் 31 வரை நிறுத்தி வைத்தார்கள். மில்லுக்கு நல்லது, நூல் விலை ஏறாமல் இருக்கும். தையல் ரேட்டுக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

2025 நவம்பர் 12இல் மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி வரை கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து ரிசர்வ் வங்கி, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிப்போட வழி செய்தது. நல்ல காரியம், தாமதமானாலும். ஆனால் அண்ணன் இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். இவை முதன்மையாக ஏற்றுமதி செய்கிறவருக்கானவை. ஏற்றுமதிக்குத் தைத்துக் கொடுக்கிறவரை வங்கி இதில் சேர்த்துக்கொள்ளும் என்று நிச்சயமில்லை. எதற்கும் மேனேஜரைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை. அண்ணனுக்கு இதில் கிடைக்கக்கூடிய லாபம் வேறு. கம்பெனிக்குத் தவணை தள்ளிப்போனால் கையில் கொஞ்சம் காசு மிஞ்சும். அந்தச் சமயத்தில் போய் நிற்பவருக்குத்தான் பில் பாஸ் ஆகும்.

செயற்கை இழைக்கு மாற வேண்டும் என்று பத்து ஆண்டாகப் பேசுகிறோம். உலகம் வாங்குவதில் பெரும்பங்கு அதுதான், நாம் இன்னும் பருத்தியைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம், எல்லாம் சரி. அரசின் ஊக்கத் திட்டத்தில் நுழையவே 100 கோடி முதலீடு என்று வைத்திருந்தார்கள், 2025 அக்டோபரில்தான் பாதியாக்கினார்கள். 14 மிஷினுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

எனக்கு இப்போதைக்குப் பெரிதாகத் தெரிவது உள்நாடுதான். ஜட்டி, பனியன், லெக்கின்ஸ், நைட் பேன்ட். ஏற்றுமதிக்காரர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் இதற்கு டிரம்ப் வரி போட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகிவிட்டது, முன்பு ஆயிரத்துக்கு மேல் போனாலே 12. தையல் ரேட் குறைவு, உண்மை. தரம் பார்ப்பதிலும் அவ்வளவு கெடுபிடி இல்லை, அதனால் ஒரு டெய்லர் ஒரு நாளில் கூடுதல் பீஸ் தள்ளுவார். திருப்பூரின் ஆடைச் சந்தையான காதர்பேட்டையைச் சுற்றியுள்ள சின்ன உற்பத்தியாளர்கள் சிலர் இன்றும் வாரா வாரம் கையில் காசு கொடுக்கிறார்கள். எல்லாரும் அப்படி இல்லை. வடக்கே சரக்கு அனுப்பிவிட்டு 90 நாள் காத்திருப்பவரிடம் மாட்டினால் அண்ணனும் 90 நாள் காத்திருக்க வேண்டியதுதான். விசாரித்துப் போக வேண்டும்.

இனி அண்ணனுக்கு.

மிஷினை இப்போது விற்க வேண்டாம். இன்று எல்லாரும் விற்கிறார்கள், பழைய மிஷின் வாங்குகிறவர் வாய்க்கு வந்ததைக் கேட்பார். நான் 2012இல் ஓவர்லாக்கைப் பாதி விலைக்கும் கீழே கொடுத்தேன். அடுத்த ஆண்டு அதே மிஷின் செகண்ட் ஹேண்டிலேயே அதைவிட நல்ல விலைக்குப் போனது. அதற்காக வாரவட்டிக்கு வாங்கி மிஷின் தவணையைக் கட்டுவதும் கூடாது. தவணை இரண்டு தவறினால் வங்கியில் பேசலாம். வாரவட்டிக்காரரிடம் பேச முடியாது. யூனிட்டை மூடியவர்கள் பலரை எனக்குத் தெரியும். தையலில் நஷ்டப்பட்டு மூடியவர்களைவிட, நஷ்டத்தை வாரவட்டியில் மறைத்து மூடியவர்கள்தான் ஊரைவிட்டே போனார்கள்.

தான் தைப்பது எந்த நாட்டுக்குப் போகிறது என்று அண்ணனுக்குத் தெரியுமா? கம்பெனியைக் கேட்க வேண்டாம், துவைக்கும் முறை எழுதிய கேர் லேபிளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்என் என்று போட்டு ஒரு எண் இருந்தால் அது அமெரிக்கச் சரக்கு. ஏழெட்டு மொழியில் துணி விவரம் பொடியாக அடித்திருந்தால் பெரும்பாலும் ஐரோப்பா. விலை டேக் வந்திருந்தால் டாலரா, பவுண்டா, யூரோவா என்று அதிலேயே தெரியும். கடந்த ஆறு மாதம் தைத்ததில் எவ்வளவு எது என்று ஒரு தாளில் எழுதினால், எந்தக் கம்பெனியை விடக் கூடாது, யாரிடம் புதுக் கட்டு இறக்குவதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கே புரிந்துவிடும்.

பில் விஷயம். சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே ஆன்லைனில் எடுக்கட்டும், இலவசம், ஆதாரும் பானும் போதும். எடுத்தபின் ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணை அடித்து, சான்றிதழ் நகலைக் கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கட்டும். சிறு, குறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது சட்டம். வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்று ஒரு உட்பிரிவு வந்த பிறகு, கெடு தாண்டி மார்ச் 31இல் நிலுவையாக நிற்கும் தொகையைக் கம்பெனி அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. காட்ட முடியாத தொகைக்கு அது வரி கட்ட வேண்டும். புகார் கொடுக்கச் சொல்லவில்லை. ஊரில் புகார் கொடுத்துவிட்டு மறுநாள் யாரிடம் வேலை கேட்பது? ஆனால் பிப்ரவரி கடைசியில் ஆடிட்டர் நிலுவைப் பட்டியல் எடுக்கும்போது உத்யம் எண் போட்ட பில்கள்தான் முதலில் கண்ணில் படும். சண்டை போடாமல் வசூலிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. ஷேடு, அளவு, ஓட்டை என்று எதில் சந்தேகம் வந்தாலும் தைப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டுப் பதில் வாங்கிவிடட்டும். அதை நான் கருநீல போலோவில் கற்றேன்.

ஆளை எல்லாம் வைத்துக் காப்பாற்ற முடியாது. ஆனால் ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிளில் கைதேர்ந்த ஆறேழு பேரை எப்படியாவது பிடித்து வைக்க வேண்டும். ஆர்டர் திரும்பும் மாதம் மிஷின் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள், டெய்லர் இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். 14 மிஷினில் எட்டை மட்டும் ஓட்டி, ஷெட்டில் மீதி இடத்தை இன்னொரு சின்ன யூனிட்டுக்கு விட்டு வாடகையையும் கரண்ட் நிலைக்கட்டணத்தையும் பங்குபோட்டுக்கொண்டவர்கள் இரண்டு பேர் என்னிடம் கணக்கு எழுதுகிறார்கள். இருவருமே மூச்சுவிடுகிறார்கள்.

எதுவரை காத்திருப்பது? பொதுவாக அடுத்த கோடைக்கான சரக்கு இப்போது ஆர்டராகி, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் கப்பலேற வேண்டும். பொங்கல் முடிந்து பதினைந்து நாளில் கட்டு வரத்து கூடவில்லையென்றால், உள்நாட்டு வேலையும் எட்டு மிஷினை ஓட்டவில்லையென்றால், மார்ச் 31க்குள் பில்லை வசூலித்துக்கொண்டு மூடலாம். அப்போதும் ஊருக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. நான் மூடிய பிறகு மூன்று ஆண்டு ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். சம்பளம் சனிக்கிழமை சரியாக வந்தது. யூனிட் நடத்திய நாலு ஆண்டில் தூங்காத தூக்கத்தை அங்கேதான் தூங்கினேன்.

ஒன்று விட்டுப்போனது. கம்பெனி கேட்களில் மாட்டும் "ஆட்கள் தேவை" போர்டுகளை நான் நடக்கும்போது படித்துக்கொண்டே போவது வழக்கம். செப்டம்பரில் அநேகமாக எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தார்கள். நேற்று மங்கலம் ரோட்டில், ஒரு உள்நாட்டு இன்னர்வேர் யூனிட் வாசலில் ஒன்று பார்த்தேன். "பேட்லாக் டெய்லர் 4 பேர் தேவை. ஜாப் ஒர்க் எடுப்பவர்களும் அணுகலாம்." சாக்பீஸில் எழுதியது, எழுத்து இன்னும் கலையவில்லை. அண்ணனுக்கு நடக்கிற தூரம்தான். நாளைக் காலை எட்டரைக்கு முன்னால் போய், கூலி வாரா வாரமா, மாதமா என்பதை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ரேட் பேசச் சொல்லுங்கள்.